தெய்வத்துக்கு அழ உரிமை உண்டா?

தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தமிழனுக்குச் சொற்பஞ்சம் ஏற்படுவதே இல்லை. மேடையிலே பேசுபவர் மெய்சிலிர்க்கப் பேசுகிறார்; திரையிலே தாய் தோன்றினால் கொட்டகையே கண்ணீர் வடிக்கிறது; பள்ளியிலே ‘தாய்மையின் சிறப்பு’ என்று தலைப்புத் தந்தால் போதும், பத்து வயதுச் சிறுவனும் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திடுகிறான். தாய் ஒரு தெய்வம், தியாகத்தின் திருவுரு, அவளுக்குப் பசியில்லை, உறக்கமில்லை, களைப்பில்லை, சலிப்பில்லை, பெற்ற மறுகணமே அவள் நெஞ்சிலே அன்பு ஊற்றெடுத்துப் பாயும் — இவ்விதம் எழுதியவனுக்கு மதிப்பெண் குறைவதில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான், ஆதலால் அறிவேன்.

அந்தத் தெய்வத்தைக் குறித்து ஒரே ஒரு கேள்வி கேட்கத் துணிகிறேன். பிள்ளை பெற்று இருபது நாளாகிறது, பிள்ளை நலம், பெற்றவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். “குழந்தையைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வருகிறது, ஏனென்று தெரியவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது” என்று அவள் வாய் திறந்து சொல்லிவிட்டால் நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் அமர்ந்து கேட்போமா? அல்லது, தெய்வம் இப்படிப் பேசலாகாது என்று அவள் வாயைப் பொத்துவோமா?

பொத்தித்தான் வருகிறோம், தோழர்களே! பொத்துகிற முறைதான் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. கூரை வீட்டிலே, “காற்றுக் கருப்பு அண்டிவிட்டது, பச்சை உடம்புக்காரி அந்தி வேளையில் வாசலுக்குப் போனாள், பிடித்துக்கொண்டது” என்பர், மந்திரிப்பவனை அழைப்பர், வேப்பிலை அடிப்பர், கையிலே கயிறு கட்டுவர். மாடி வீட்டிலே பேயை நம்புவதில்லை. அங்கே, “திமிர்” என்பர், “சோம்பல்” என்பர், “படித்த பெண்ணல்லவா, பிள்ளை வளர்க்க உடம்பு வணங்கவில்லை” என்பர். குடிசை பேயின்மீது பழி போடுகிறது; மாளிகை பெண்ணின்மீதே பழி போடுகிறது. இரண்டும் மடமைதான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பேயோட்டுபவனாவது, “இது அவள் குற்றமன்று” என்று ஒப்புக்கொள்கிறான். பட்டம் பெற்றவர் வீட்டிலே அந்த இரக்கத்துக்கும் இடமில்லை!

பேயும் இல்லை, திமிரும் இல்லை என்றால், இது என்ன? நோய். காய்ச்சலைப் போல, இரத்தசோகையைப் போல, பெயர் உள்ள நோய், குறிகள் உள்ள நோய், குணப்படுத்தக்கூடிய நோய். பிள்ளை பெற்ற முதற் சில நாட்களிலே காரணமின்றிக் கண் கலங்குவது பெண்கள் பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே விலகிவிடும். விலகாமல் நீடித்து, குழந்தை உறங்கும்போதும் தான் உறங்க முடியாமல், உண்ண விருப்பமின்றி, எதிலும் நாட்டமின்றி, ‘நான் எதற்கும் ஆகாதவள், கெட்ட தாய்’ என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கத் தொடங்கினால், அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். பேறு முடிந்த பின்னர்தான் அது வரவேண்டும் என்பதுமில்லை. சூலுற்ற காலத்திலேயே தொடங்கிவிடுவதுண்டு. கைநிறைய வளையல் அடுக்கி, வகைவகையாய்ச் சோறு சமைத்து, வளைகாப்பு நடத்தி மகிழ்கிறோமே, அந்த வளையலோசையின் நடுவிலேயே அந்நோய் குடிகொண்டிருக்கக்கூடும். இவற்றினும் கொடியது ஒன்று, ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் வருவது: பேறு முடிந்த சில நாட்களிலே உறக்கம் அறவே அற்று, அறிவு தடுமாறி, இல்லாத குரல் காதில் கேட்கும். முன்பு அதைச் ‘சன்னி’ என்று சொல்லி, அறைக்குள்ளே பூட்டி வைத்தார்கள். கோடாங்கியைத் தேடாமல், அந்த மணியே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நோய் அது.

“இதெல்லாம் சீமை நோய், சீமாட்டிகளின் நோய், பாடுபட்டுப் பிழைப்பவளுக்குச் சோர்ந்திருக்க நேரமேது?” என்று கேட்பவர் உண்டு. கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. செல்வ நாடுகளிலே, கருவுற்ற பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேரும், பிள்ளை பெற்றவர்களில் 13 பேரும் இத்தகைய மனநோய்களுக்கு ஆளாகின்றனர். வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலுமோ, அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 16 ஆகவும் 20 ஆகவும் உயர்கிறது என்று, 2012-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டிற்று. அதே இதழில் 2017-இல் வெளியான மற்றொன்று, இந்தியத் தாய்மாரில் நூற்றுக்கு 22 பேர் பேற்றுக்குப் பின் மனச்சோர்வுறுகின்றனர் என்று கணக்கிட்டது. ஆக, இது மாளிகை நோயன்று. வறுமை எங்கே மிகுதியோ, அங்கே மிகுதியாக வருகிறது!

ஏன் வருகிறது? இதற்கு விடை தேடித் தொலைதூரம் போக வேண்டாம். நம் தமிழகத்திலேயே தேடியிருக்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர்கள், அடுத்துள்ள கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களிலே, நிறைமாதத்தை நெருங்கிய 359 பெண்களைக் கண்டு பேசி, பேற்றுக்குப் பின் மீண்டும் கண்டு பேசி, 2002-இல் தம் முடிவை வெளியிட்டனர். பேற்றுக்குப் பின் புதிதாக நோயுற்றோர் நூற்றுக்கு 11 பேர். அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்ட சூழ்நிலைகள் யாவை? குறைந்த வருமானம். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டிலே பெண் பிள்ளை பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு. கருவுற்ற காலத்திலே நேர்ந்த இன்னல்கள். கூடமாட உதவி செய்ய ஆளில்லாமை.

இந்தப் பட்டியலை மறுபடியும் ஒருமுறை படியுங்கள். இது மருத்துவர் எழுதிய நோய்க்குறிப்பா? சமுதாயத்தின்மீது சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகை அல்லவா! பெண் பிறந்தால் முகத்தைச் சுளிப்பது எந்தக் கிருமியின் வேலை? உலை வைக்க அரிசியின்மை எந்தச் சுரப்பியின் கோளாறு? உடலின் மாற்றங்களுக்கும் இந்நோயிலே பங்குண்டு, மறுப்பாரில்லை. ஆனால் கணியம்பாடியிலே கண்டெடுத்த காரணங்களிலே பெரும்பாலானவை, நம் வீட்டுக் கூடத்திலும் நம் சட்டப் புத்தகத்திலும் உள்ளவை. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்வும் இதையே சொல்லிற்று. அங்கே 270 தாய்மாரில், பிள்ளை பெற்ற ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் நூற்றுக்கு 23 பேர் சோர்வுற்றிருந்தனர். அவர்களிலே முக்காற்பங்குக்கு மேற்பட்டோர், வயிற்றிலே பிள்ளை இருந்தபோதே மனம் நொந்திருந்தவர்கள். வறுமை, கணவனோடு ஒற்றுமையின்மை, பெண் பிள்ளை பிறந்தது — அங்கும் இவையே காரணங்கள்!

சிற்றூர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று நினைப்போர், அந்தப் பட்டியலைக் கையிலே ஏந்திச் சென்னைக்கு வரட்டும். மயிலாப்பூர் மாடவீதிகளிலும், அடையாறு காந்தி நகரிலும், வீடு பெருக்கிப் பாத்திரம் துலக்கி வாழும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். முன்பு அவள் குடிசை ஆற்றங்கரையிலே இருந்தது. குடிசைதான், ஆனால் கூப்பிடு தூரத்திலே தாய் இருந்தாள், அத்தை இருந்தாள், பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள அடுத்த வீட்டு ஆயா இருந்தாள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னர், அடையாற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கிலே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. மயிலாப்பூருக்கும் அதற்கும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஓலைக்குப் பதில் காரைக்கூரை கிடைத்தது. ஆனால் அத்தை ஒரு கட்டடத்திலே, தாய் வேறொரு பகுதியிலே, பிழைப்போ இரண்டு பேருந்து மாறிப் பழைய இடத்திலே! கூடமாட உதவ ஆளின்மை என்று கணியம்பாடி ஆய்வு சொன்னதே, அதை நாமே கட்டடம் கட்டி உண்டாக்குகிறோம்.

சட்டம் அவளுக்கு என்ன தருகிறது? மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரு பேறுகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்றாயிற்று. தமிழக அரசு தன் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் தருகிறது. போற்றுகிறோம்! ஆனால் பிறர் வீட்டிலே வேலை செய்பவளுக்கு அந்த 26 வாரத்திலே ஒரு வாரம்கூட இல்லை. இரண்டு மாதம் வராவிட்டால் அவள் இடத்திலே வேறொருத்தி நிற்பாள். தியாகராய நகரின் துணிக்கடைகளிலே காலையிலிருந்து இரவுவரை நின்றே விற்ற பெண்களுக்கு, உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்தது. கால் வலிக்கும் என்பதைக் கண்டுகொள்ளவே நமக்கு அத்தனை ஆண்டு பிடித்தது என்றால், மனம் வலிக்கும் என்பதைக் கண்டுகொள்ள எத்தனை ஆண்டு?

என் வகுப்பு மாணவி ஒருத்தி, பன்னிரண்டு வயது, தொடர்ந்து பிந்தி வந்தாள். காரணம் கேட்டேன். “அம்மா எழுந்திருக்கிறதில்லை, ஐயா. தம்பி அழுதால் திரும்பிப் பார்க்கிறதில்லை. நான் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்” என்றாள். சற்று நின்று, “அம்மாவுக்குத் தம்பியைப் பிடிக்கவில்லையா, ஐயா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள்ளேதான் நம் சமுதாயத்தின் தீர்ப்பு முழுவதும் இருக்கிறது. அன்பு காட்டாத தாய் குற்றவாளி! பன்னிரண்டு வயதுக் குழந்தைகூட அந்தத் தீர்ப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

அறநூல் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். தன் பிள்ளைமீது அன்பு சுரக்கவில்லை என்று உணரும் தாய் குற்றம் புரிந்தவளா? சிந்தித்துப் பார்ப்போம். கடமையைக் கட்டளையிடலாம், உணர்ச்சியைக் கட்டளையிட முடியுமா? ‘பால் கொடு’ என்று சொல்லலாம். ‘பூரித்துப்போ’ என்று ஆணையிட முடியுமா? ஒருவன் தன் ஆற்றலுக்கு உட்பட்டதைச் செய்யத் தவறினால் அது குற்றம். ஆற்றலுக்கு அப்பாற்பட்டதற்கு அவனைப் பழிப்பது கொடுமை. காய்ச்சல்காரன் நடுங்குவதை எந்த நீதிபதியும் ஒழுங்கீனம் என்று தீர்ப்பளிப்பதில்லை. மேலும் ஒன்று: ‘நான் கெட்ட தாய்’ என்று அவள் தன்னைத்தானே நொந்துகொள்கிறாளே, அந்தக் குற்றவுணர்வே நோயின் அறிகுறிகளில் ஒன்று! நோய் வந்து ‘நீ குற்றவாளி’ என்று அவள் காதிலே ஓதுகிறது. ஊரும் சேர்ந்து ‘ஆம், ஆம்’ என்று தாளம் போடுகிறது. நோய்க்குத் துணைபோகிறவன் அறவோனா?

இங்கேதான் அந்தத் ‘தெய்வம்’ என்ற பட்டத்தை எடைபோட வேண்டும். பட்டம் பளபளக்கிறது, அதன் பின்புறம் பாருங்கள். தெய்வத்துக்குப் பசிக்காது, ஆகவே சோறு கடைசியில் வைத்தால் போதும். தெய்வம் உறங்காது, ஆகவே இரவெல்லாம் அவளே விழித்திருக்கட்டும். தெய்வம் நோயுறாது, ஆகவே மருத்துவரிடம் அழைத்துப்போவதேன்? மனுஷிக்குத் தரவேண்டிய உரிமைகளை மறுக்க, தெய்வம் என்ற பட்டம் வசதியாக இருக்கிறது. கல்லை வணங்குபவன் கல்லுக்குத் தீங்கு செய்வதில்லை. பெண்ணைக் கல்லாக்கி வணங்குபவன் அவளுக்குத் தீங்கு செய்கிறான்.

“எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், சோர்வென்றும் நோயென்றும் படுத்ததில்லையே!” என்பது மற்றோர் எதிர்வாதம். பாட்டியைக் கேட்டவர் யார்? கேட்காததால் கிடைக்காத விடையை, நோயின்மைக்குச் சான்றாக்கலாமா? ஊருக்கு ஊர் கிணற்றடிக் கதைகள் உண்டே, பிள்ளை பெற்ற சில மாதத்திலே விழுந்துவிட்டவளைப் பற்றியவை — அந்தப் பெண்களின் நோய்க்கு என்ன பெயர் எழுதினார்கள்? விதி என்று எழுதினார்கள். காற்று என்று எழுதினார்கள்.

வேறொரு வாதமும் உண்டு; நம்மவரே சொல்லுவது; நல்லெண்ணத்தோடு சொல்லுவது. “தாய் சோர்ந்தால் பிள்ளை கெடும், ஆகவே தாயைக் காப்பாற்றுங்கள்” என்பது. உண்மைதான். சோர்வுற்ற தாயின் குழந்தை ஆறாம் மாதத்திலே எடை குறைந்திருப்பதைக் கோவா ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். ஆனால் இந்த வாதத்தோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி அறமே. பானைக்குள் பால் இருப்பதால்தான் பானையைக் காப்பாற்றவேண்டுமா? குழந்தை நன்றாக வளர்ந்து, தாய் மட்டும் உள்ளுக்குள் வெந்து சாம்பலானால், கணக்கிலே நட்டம் இல்லை என்று எழுதிவிடுவோமா? பிள்ளையின் பொருட்டன்றி, அவள் பொருட்டே அவள் காப்பாற்றப்பட வேண்டியவள். தாயாகும் முன்னரே அவள் ஒருத்தி. தாயான பின்னரும் அவள் ஒருத்தி.

“விதியை யார் வெல்ல முடியும்?” என்று பெருமூச்சு விடுவோருக்கு, இந்தச் சென்னை நகரே விடை சொல்லும். பிள்ளைப்பேற்றிலே பெண் சாவதும் ஒரு காலத்திலே விதி என்றுதான் சொல்லப்பட்டது. எழும்பூரில் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் எழுந்தது. ஆண் மருத்துவரைக் காணத் தயங்கிய பெண்களுக்காக, மேரி ஷார்லிப் என்ற பெண் மருத்துவர் 1885-இல் தனி மருத்துவமனை தொடங்கினார். அதுவே இன்று திருவல்லிக்கேணியிலே கஸ்தூரிபா காந்தி பெயரால் நிற்பது. அடையாற்றிலே அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால், ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகைத் திட்டம் 1987-இல் தொடங்கியது; 2018-இல் அத்தொகை 18,000 ரூபாயாக உயர்ந்தது. 2018–20 கணக்கின்படி, தமிழகத்திலே ஒரு லட்சம் பேறுகளுக்கு மாண்ட தாய்மார் 54 பேர். இந்தியா முழுமைக்கும் 97 பேர். விதியின் கையெழுத்தை அழித்தது யார்? செவிலியின் கை! உடலுக்குச் செய்து காட்டியதை மனத்துக்கும் செய்ய முடியாதா?

முடியும் என்பதற்கு மெய்ப்பிப்பு, நம்மைவிட வசதி மிக்க நாட்டிலிருந்து வரவில்லை; பாகிஸ்தானிலிருந்து வந்திருக்கிறது. இராவல்பிண்டியைச் சுற்றிய சிற்றூர்களிலே, சூலுற்ற காலத்திலேயே சோர்வுற்றிருந்த பெண்களைத் தேர்ந்தெடுத்தனர். மனநல மருத்துவரை வீடுவீடாக அனுப்ப அங்கே ஆளேது? ஊரிலேயே பணிபுரியும் சுகாதாரப் பெண் ஊழியருக்குப் பயிற்சி தந்தனர். அவர்கள் நிறைமாதத்திலே வாரம் ஒருமுறையாக நான்கு, பேறு முடிந்த மாதத்திலே மூன்று, பின்னர் மாதம் ஒன்றாக ஒன்பது — மொத்தம் 16 முறை சென்று பேசினர். ‘எனக்கு விதித்தது இதுதான்’ என்ற எண்ணத்தை எடுத்துப் பார்க்கக் கற்பித்தனர். தன் உடல்நலம், குழந்தையோடு உறவு, சுற்றத்தாரோடு உறவு என்று ஒவ்வொன்றையும் சிறுசிறு அடியாகச் சீர்செய்யத் துணைநின்றனர். வீட்டாரையும் அழைத்துப் பங்கு தந்தனர். மற்றப் பகுதிகளிலும் ஊழியர் அத்தனை முறை சென்றனர், பயிற்சி மட்டும் இன்றி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெறாதவர் சென்ற இடத்திலே நூற்றுக்கு 53 தாய்மார் இன்னும் சோர்விலே. பயிற்சி பெற்றவர் சென்ற இடத்திலே 23 பேரே! 2008-இல் இது வெளியாயிற்று. பின்னர் உலகச் சுகாதார நிறுவனமே அந்த முறையைக் கையேடாக்கிற்று. கயிறு கட்டாமல், வேப்பிலை அடிக்காமல், கேட்கத் தெரிந்த காதும் பேசத் தெரிந்த நாவும் செய்த வேலை இது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. நம் கர்ப்பிணியின் எடையை நிறுத்துப் பார்க்கிறோம், இரத்தத்தைச் சோதிக்கிறோம், ஸ்கேன் எடுக்கிறோம். அத்தோடு, ‘மனம் எப்படி இருக்கிறது, அம்மா?’ என்றும் ஒவ்வொருத்தியிடமும் கேட்கவேண்டும். கேட்கும் முறையும் ஆயத்தமாகவே இருக்கிறது: எடின்பரோவிலே 1987-இல் வகுத்த பத்துக் கேள்விகள், தமிழ் வடிவமும் ஆராயப்பட்டு 2005-இல் வெளியாயிற்று. நகர்ப்புறச் செவிலிக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் அதற்குரிய பயிற்சி வேண்டும்; அவர்கள் சுமக்கும் பதிவேடுகளோடு இன்னொரு பதிவேடாக அல்ல, அதற்கென நேரமும் ஊதியமும் தந்து. மனநலம் பேண மருத்துவமனையில் தங்கும் தாயிடமிருந்து, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2009-இலேயே தாயையும் சேயையும் ஒருங்கே வைத்துப் பேணும் பிரிவைத் தொடங்கிற்று. அத்தகைய பிரிவு நம் மாவட்டந்தோறும் வேண்டும். பிறர் வீட்டிலே உழைப்பவளுக்கும் ஊதியத்தோடு விடுப்பு வேண்டும். அதுவரை, இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணையாவது ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாக, இதைப் படிக்கும் தோழனுக்குத் தனியாக ஒரு சொல். மன்றத்திலே பெண் விடுதலை பற்றிப் பேசிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறாய். உள்ளே, இரு மாதக் குழந்தையோடு விழித்திருப்பவள் யார்? அவளோடு இன்று எத்தனை சொல் பேசினாய்? பேயில்லை என்று ஊருக்கு மெய்ப்பித்தவன் நீ; அவள் அழுகையைத் திமிர் என்று சொல்லாமல் இருக்க உனக்குத் தெரிந்திருக்கிறதா? குழந்தையை வாங்கித் தோளிலே போட்டுக்கொள்; அவளை உறங்கச் சொல். விடிந்தபின், “என்னவோ போலிருக்கிறாயே, சொல்” என்று கேள். சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காதே, அறிவுரை கூறாதே, “மற்றப் பெண்கள் எல்லாம் பெறவில்லையா?” என்று மட்டும் கேட்டுவிடாதே. இரண்டு வாரத்துக்கும் மேலாயிற்று என்று தெரிந்தால், மருத்துவரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ.

தாயைத் தெய்வமென்று பாடியவர்கள் பாடட்டும். நாம் அவளுக்கு மனுஷியாக இருக்கும் உரிமையைத் தருவோம் — களைத்திடவும், அழுதிடவும், நோயுற்றால் மருந்து கேட்டிடவும், குணமாகிச் சிரித்திடவும்.